வெளியே போனவை மட்டும்

சாவி பன்றிப் பண்ணையில் இருக்கிறது.
கதவைத் தட்டினால் மெரில் ப்ராசர்
ஒரு கையில் சாவியும் மறு கையில் வாளியுமாய் வருவார்.
ஒரு சாண் நீளச் சாவி.
"வௌவாலுக்கா, வீரனுக்கா?"
வௌவாலுக்கு என்பேன்.
எனக்குச் சம்பளம் அவற்றின் பேரில்தான்.

ட்ரெஃபாலன் தேவாலயம் வேல்ஸ் எல்லைச் சரிவில்
மழைக்கு ஒதுங்கிய மாடு போல நிற்கிறது.
வட்டமாய்க் கட்டத் தொடங்கிப்
பாதியில் மனம் மாறியிருக்கிறார்கள்.
எருசலேமில் பார்த்த கல்லறைக் கோயிலை
எவனோ ஈரப் புல்லில் குதிகாலால்
கோடு கிழித்துக் காட்டியிருக்க வேண்டும்.
வட்டம் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது.
மழை பொய்த்த கோடைகளில் மட்டும்
புல்லின் மேல் மஞ்சளாய் எழும்.

வாசல் கல்லில் ஆணியால் கீறிய
சின்னஞ்சிறு சிலுவைகள், பதினேழு.
புறப்படும்போது ஆளுக்கொன்று கீறினார்கள்
என்கிறது இருபது பென்ஸ் வழிகாட்டித் தாள்.
"கல்யாணத்துக்கு வந்து காத்திருந்த பையன்கள்,"
என்கிறார் மெரில்.
"கையில் கத்தி இருந்தால் சும்மா நிற்பார்களா?"

உள்ளே, வடக்குச் சுவரோரம், ஒரு நீலத் தார்ப்பாய்.
மேலே மிளகு சிந்தினாற்போல் எச்சம்.
நாலு மூலையிலும் பாரத்துக்குப் பாட்டுப் புத்தகங்கள்.
அடியில் சர் வாரின்.

சனிக்கிழமைதோறும் மெரில் அவனைத் துடைக்கிறார்.
தாடை. கழுத்து. இரும்பு வளையச் சட்டை,
வளையம் வளையமாய் யாரோ உளியால் சுழித்தது.
பிறகு கால்மேல் போட்ட கால்.
"இப்படிப் படுத்திருந்தால்
சிலுவைப் போருக்குப் போனவன் என்பார்கள்.
என் வீட்டுக்காரரும் இப்படித்தான் படுக்கிறார்,
லட்லோ தாண்டிப் போனதில்லை."

மூக்கு இல்லை.
கண்நோவுக்கு மருந்தென்று சுரண்டிச் சுரண்டிப்
பாலில் கலந்து குடித்துவிட்டது ஊர்.
காலடியில் ஒரு சிங்கம்,
சிங்கமே பார்க்காத கை செதுக்கியது:
சுருள் மயிர், சாதுவான வாய்.
இந்தச் சரிவில் மேயும் ஆடு, அசல்.

நாற்பது ஏக்கரும் ஆற்றோர மாவாலையும்
துறவிகளுக்கு விற்றுவிட்டு
ஏக்கர் என்றே பேருள்ள
கடற்கோட்டைக்குக் கப்பலேறினானாம்.
பத்திரத்தின் நகல் சட்டமிட்டுத் தொங்குகிறது.
ஒரு குதிரை, இரண்டு கோவேறு கழுதை,
பதினோரு ஆட்கள்.
ஆட்களுக்குப் பேர் எழுதவில்லை.
குதிரையின் பேர் மோரெல்.

வலது கை வாள்பிடியில்.
உறைக்கு வெளியே மூன்று அங்குலம் அலகு.
"உருவுகிறான்," என்றார்
போன வருடம் பர்மிங்ஹாமிலிருந்து வந்த பேராசிரியர்.
"இல்லை, உறையிலிடுகிறான்," என்றாள் அவர் மாணவி.
வேனில் ஏறும்வரை ஓயவில்லை சண்டை.

மெரிலைக் கேட்டேன்.
வாளியைக் கீழே வைத்தார்.
இருட்டில் தாழ்ப்பாளைத் தடவுகிறவர் போல
அந்தக் கல்விரல்களைத் தன் விரல்களால்
மூடிப் பார்த்தார் கொஞ்ச நேரம்.
"துரு," என்றார். "சிக்கிக்கொண்டது."

ஒன்பதே காலுக்கு வெளிச்சம் கரைந்தது.
கல்லறைகளுக்கு நடுவே மடக்கு நாற்காலியில் நான்,
கையில் எண்ணும் கருவி.
பக்கத்தில் ஒரு சமாதி விளிம்பில் மெரில்,
மடியில் தேநீர்க் குடுவை.
முதலில் ஒன்று.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
மூன்று.
பிறகு கோபுரத்து வெடிப்பு மொத்தமாய்க் கசிந்து,
கட்டைவிரல் வலிக்க வலிக்க,
இருநூற்றுப் பதினொன்று.

"எத்தனை திரும்பும்?"

விடியலில் திரும்பும், என்றேன்.
அந்த நேரத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

படிவத்தை வாங்கி டார்ச் வெளிச்சத்தில்
முன்னும் பின்னும் பார்த்தார்.
எதுவும் சொல்லாமல் உள்ளே போனார்.
தார்ப்பாய் இழுபடும் சத்தம்.
புத்தகம், புத்தகம், புத்தகம், புத்தகம்.
பன்றிகளுக்கு இன்னும் தீனி வைக்கவில்லை
என்று முனகிக்கொண்டே கதவைச் சாத்தினார்.
சாவி பாதியில் நின்றது.
தோளால் ஒரு இடி இடித்தார்.
திரும்பியது.